'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' – யாரால்?
திறந்தமூலச் சமூகங்களின் நடத்தை நெறிகள்: ஒரு தமிழாசிரியையின் வாசிப்பு

இந்த முறை ஒரு கதையையோ கவிதையையோ திறனாய்வுக்கு எடுக்கவில்லை. கணினி உலகில் இருந்து சில விதிப் பனுவல்களை எடுத்திருக்கிறேன். 'தமிழ் டீச்சருக்கு இது எதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

போன வருடம் எங்கள் பள்ளிக் கணினிக் கழக மாணவர்கள் தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று கிட்ஹப்பில் போட்டார்கள். நான் கழகத்தின் பொறுப்பாசிரியை. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. சொற்பட்டியலைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. தொடக்கத்திலேயே ஒரு மாணவன், "டீச்சர், நல்ல ப்ராஜெக்ட் எல்லாத்துக்கும் கோட் ஆஃப் காண்டக்ட் இருக்கும், நாமளும் வைக்கணும்" என்றான். ஆயத்தமாகக் கிடைத்த நடத்தை நெறி ஒன்றை அப்படியே ஒட்டினோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மூன்று மாதம் கழித்து, படிவம் 4 மாணவி ஒருத்தி அனுப்பிய நிரலின் கீழே மூத்த மாணவன் ஒருவன், "இதைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலையா, உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று எழுதிவிட்டான். அதற்கு நாலைந்து சிரிப்புப் படங்கள் வேறு. அவள் என்னிடம் வந்து அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "டீச்சர், அந்த விதியில புகார் அனுப்புற இடத்துல ஒண்ணுமே இல்லையே. யார்கிட்ட சொல்றது?"

போய்ப் பார்த்தேன். 'தொடர்பு முகவரியை இங்கே நிரப்பவும்' என்ற பொருளில் இருந்த அடைப்புக்குறி அப்படியே கிடந்தது. நாங்கள் நிரப்பவே இல்லை.

அந்த வெற்று அடைப்புக்குறிதான் என்னை இந்தப் பனுவல்களைப் படிக்க வைத்தது. படித்தபோது எனக்குப் புரிந்தது ஒன்று. ஒரு நடத்தை நெறி நல்லதா என்று பார்க்க, அதன் தொடக்கத்தில் உள்ள உயர்ந்த சொற்களைப் பார்த்தால் போதாது. அதன் கடைசிப் பகுதியில் உள்ள வினைச்சொற்களைப் பார்க்க வேண்டும். யார் கேட்பார், யார் தீர்மானிப்பார், எத்தனை நாளில், எதுவரை? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாத விதி வெறும் வாழ்த்துரைதான்.

லினக்ஸ்: களம் எப்படிப்பட்டது?

இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு லினக்ஸ் கெர்னல். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உங்கள் கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால், அதன் அடியில் ஓடுவது இந்தக் கெர்னல்தான். ஒவ்வொரு வெளியீட்டிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்களிக்கிறார்கள். பலர் நிறுவனங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுபவர்கள். சிலர் ஆர்வத்தால் எழுதுபவர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் இருப்பார். நீங்கள் அனுப்பும் திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, அவர் எல்லார் முன்னிலையிலும் படித்துக் குறை சொல்வார். ஏற்றால் அது மேலே போகும்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குறை சொல்வதே இந்த வேலையின் உயிர். பிழையுள்ள நிரல் உள்ளே நுழைந்தால் கோடிக்கணக்கான கருவிகள் பாதிக்கப்படும். ஆகவே, 'இனிமையாக மட்டும் பேசுங்கள்' என்று சொல்லிவிட முடியாது. நாமும் மாணவர் கட்டுரையில் சிவப்பு மையால் வட்டம் போடாமல் இருக்க முடியாதல்லவா? அது போலத்தான்.

ஆனால் இந்தக் களத்தில் குறை, நிரலோடு நிற்கவில்லை. டோர்வால்ட்ஸே ஆட்களைத் தாக்கிக் கடுமையாக எழுதுபவர் என்று பெயர் பெற்றவர். 2013-இல் கெர்னல் உருவாக்குநர் ஒருவர் இதை வெளிப்படையாக எதிர்த்தார். தம்மால் அலுவலகப் பாணி மரியாதைக்கு மாற முடியாது என்ற தொனியில்தான் டோர்வால்ட்ஸ் பதில் சொன்னார். எதிர்த்தவர் பிறகு கெர்னல் வேலையை விட்டு விலகி, 2015-இல் அதன் காரணத்தையும் எழுதினார்.

முதல் பனுவல்: 'மோதல் நெறி' (2015)

2015 மார்ச்சில் கெர்னலில் 'கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்ற சிறிய ஆவணம் சேர்ந்தது. தமிழில் 'மோதல் நெறி' எனலாம். பெயரே ஒரு நையாண்டி. ஏறத்தாழ ஒரு பக்கம்கூட வராது. உங்கள் நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், அது தரத்துக்காகத்தான் என்று தொடங்குகிறது. யாராவது தனிப்பட்ட முறையில் அவமதிக்கப்பட்டதாகவோ மிரட்டப்பட்டதாகவோ உணர்ந்தால் அது ஏற்கத்தக்கதல்ல என்கிறது. அப்படியானால் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவை அணுகலாம் என்கிறது. கடைசியில், ஒருவருக்கொருவர் சிறப்பாக நடந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி.

மாணவர்களே, வியங்கோள் வினைமுற்று நினைவிருக்கிறதா? 'வாழ்க', 'ஒழிக', 'செல்க', 'தருக'. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்கு பொருளுக்கும் ஒரே வடிவம். மூவிடத்துக்கும் பொது. அந்தக் கடைசி வரியைத் தமிழில் எழுதினால் 'நன்கு நடந்துகொள்க' என்று வியங்கோளில்தான் வரும். இது விதியா, வேண்டுகோளா, வாழ்த்தா? சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. மீறினால் என்ன ஆகும் என்பது பனுவலில் இருந்தால்தான் அது விதி என்று தெரியும். இங்கே அது இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஆவணம் முதலில் பேசுவது விமர்சகரின் உரிமையை. பாதிக்கப்பட்டவர் அதற்குப் பிறகுதான் வருகிறார். நாம் கட்டுரையில் எதை முதல் பத்தியில் வைக்கிறோமோ அதுதான் நம் முதன்மைக் கருத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்த அளவுகோலால் பார்த்தால், இந்த ஆவணத்தின் முதன்மைக் கருத்து, 'இங்கே இப்படித்தான் இருக்கும், தாங்கிக்கொள்' என்பதே.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அணுக வேண்டிய குழுவின் பெயர் அதில் இருந்தது. எங்கள் கழகத்து விதியில் அதுகூட இல்லை.

இரண்டாம் பனுவல்: உடன்படிக்கை (2018)

2018 செப்டம்பர் 16. டோர்வால்ட்ஸ் ஒரு முன்னோட்ட வெளியீட்டோடு சேர்த்து ஒரு மன்னிப்பும் எழுதினார். தம் கடுமொழி பலரைக் காயப்படுத்தியதை ஒப்புக்கொண்டார். பிறர் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போவதாகச் சொல்லிக் கொஞ்ச காலம் ஒதுங்கினார். அந்த 4.19 பதிப்பை கிரெக் க்ரோவா ஹார்ட்மேன் முடித்துக் கொடுத்தார். அக்டோபரில் டோர்வால்ட்ஸ் திரும்பினார்.

அதே சமயத்தில் மோதல் நெறி நீக்கப்பட்டு, 'காண்ட்ரிபியூட்டர் கவனன்ட்' எனப்படும் பங்களிப்பாளர் உடன்படிக்கை உள்ளே வந்தது. இது 2014-இல் கோரலைன் அடா எம்கி எழுதியது. ஆயிரக்கணக்கான திட்டங்கள் பயன்படுத்தும் ஆயத்தப் பனுவல். நாங்கள் ஒட்டியதும் இதன் ஒரு பதிப்புதான்.

மோதல் நெறியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எது வரவேற்கத்தக்கது, எது கூடாது என்று பட்டியலிடுகிறது. தனிமனிதத் தாக்குதல், பாலியல் நோக்கிலான பேச்சு, பிறரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது என்று பெயர் சொல்லித் தடுக்கிறது. 'அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது' என்று தப்பிக்க இடம் குறைவு.

ஆனாலும் ஒரு தமிழாசிரியையாகப் படிக்கும்போது எனக்கு இரண்டு இடத்தில் இடறியது.

முதலாவது, தொடக்கத்தில் உள்ள உறுதிமொழி. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் மொழிபெயர்க்கப் போனால் உடனே கேள்வி வரும்: 'நாம் உறுதி கூறுகிறோம்' என்பதா, 'நாங்கள் உறுதி கூறுகிறோம்' என்பதா? 'நாம்' என்றால் படிக்கும் புதியவரும் அதில் அடக்கம். அவரும் உறுதி கூறுகிறார். 'நாங்கள்' என்றால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் புதியவருக்குத் தரும் வாக்கு. பனுவல் பங்களிப்பாளர்களையும் பராமரிப்பாளர்களையும் சேர்த்தே சொல்வதால் 'நாம்' என்றுதான் எடுக்க வேண்டும். அப்படியானால், நேற்று வந்த சிறுமியும் பதினைந்து வருடப் பராமரிப்பாளரும் ஒரே வாக்கை ஒரே எடையோடு தருகிறார்கள். ஆனால் அதிகாரம் இருவருக்கும் ஒன்றா? இல்லை. பேட்ச்சை ஏற்பதும் தள்ளுவதும் ஒருவர் கையில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை 'நாம்' மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, செயல்படுத்தும் பகுதி. புகார்கள் விசாரிக்கப்படும், தேவை என்று கருதப்படும் பதில் அளிக்கப்படும் என்ற பொருளில் போகிறது. எல்லாம் செயப்பாட்டு வினை. நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்: 'தக்க நடவடிக்கை எடுக்கப்படும்'. யாரால் எடுக்கப்படும்? எது தக்கது என்று யாரால் கருதப்படும்? செயப்பாட்டு வினை இலக்கணப் பிழை அல்ல. ஆனால் வினை செய்பவரை ஒளித்துவைக்க அதைவிட வசதியான வடிவம் மொழியில் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் வினை செய்பவர் தெளிவாக வந்தார். அங்கேதான் சண்டையும் வந்தது. நெறியைச் செயல்படுத்தாத பராமரிப்பாளர்களே விளைவைச் சந்திக்க நேரிடும் என்ற பத்தி அது. நிரலைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள், 'எங்களைக் காவல்காரர் ஆக்குகிறீர்களா?' என்று பதறினார்கள். பொதுவில் கலந்து பேசாமல் திடீரென்று நெறி வந்து விழுந்ததும் அந்தப் பதற்றத்தைக் கூட்டியது. நெறியின் நோக்கத்தை ஏற்றவர்கள்கூட வந்த முறையை ஏற்கவில்லை.

மூன்றாம் பனுவல்: விளக்கவுரை

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 4.19 வெளிவருவதற்கு முன்பே, பராமரிப்பாளரை மிரட்டிய அந்தப் பத்தி நீக்கப்பட்டது. கூடவே ஒரு விளக்கவுரை ஆவணம் சேர்க்கப்பட்டது. நம் மரபில் நூற்பாவுக்கு உரை எழுதுவார்களே, அதே வேலை. மூலத்தைக் கெர்னல் சமூகத்துக்கு எப்படிப் பொருத்திப் படிப்பது என்று உரை சொல்கிறது.

உரை மூன்று காரியம் செய்தது. ஒன்று, பராமரிப்பாளர் உதவ வேண்டும், ஆனால் தனியாகத் தீர்ப்பு வழங்கத் தேவையில்லை என்றது. இரண்டு, இறுதிப் பொறுப்பை ஒரு நடத்தை நெறிக் குழுவிடமும், உருவாக்குநர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவிடமும் வைத்தது. மூன்று, வெளியில் இருந்து ஒரு சமரசரையும் காட்டியது. ஆக, 'விசாரிக்கப்படும்' என்பது 'இவர்கள் விசாரிப்பார்கள்' என்று மாறியது. செயப்பாட்டு வினை செய்வினை ஆனது. இலக்கண வகுப்பில் நாம் செய்ய வைக்கிற மாற்றம்தான். ஆனால் இங்கே அந்த மாற்றத்தில் ஒருவருடைய பாதுகாப்பு இருக்கிறது.

உடன்படிக்கையின் மூலப் பனுவலும் பின்னர் இதே திசையில் வளர்ந்தது. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பு, மோசில்லாவின் ஏணி முறையைத் தழுவி நான்கு படிகளைச் சேர்த்தது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. எந்த நடத்தைக்கு எந்தப் படி என்பதற்கும் குறிப்பு உண்டு. தண்டனைக்கு அளவு வந்தது. தவறு செய்தவருக்கும் இது நல்லது. முதல் தவறுக்கே விரட்டப்பட மாட்டோம் என்று தெரியும்.

விதி கடித்தபோது

விதி காகிதத்தில் இருக்கும்வரை எல்லாருக்கும் நல்லது. கடிக்கும்போதுதான் சோதனை. 2024-இல் கெர்னலின் கோப்பு முறைமை ஒன்றை உருவாக்கிவந்தவர், சக உருவாக்குநர் ஒருவரை நோக்கி மூளையைப் பரிசோதித்துக்கொள் என்ற வகையில் எழுதினார். குழு பகிரங்க மன்னிப்பு கேட்கச் சொன்னது. உடன்பாடு வரவில்லை. நவம்பரில், 6.13 பதிப்பின் சுற்று முழுவதும் அவருடைய இணைப்புக் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா என்று முடிவு அறிவிக்கப்பட்டது. ஒரு சுற்று என்பது ஏறக்குறைய ஒன்பது, பத்து வாரம்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எதிர்த்தவர்கள் சொன்னது: அவர் எழுதும் நிரலை நம்பியிருக்கும் பயனர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஒரு வாக்கியத்துக்காகப் பிழைதிருத்தங்கள் காத்திருக்க வேண்டுமா? இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆதரித்தவர்கள் சொன்னது: திறமைசாலிக்கு ஒரு விதி, புதியவருக்கு ஒரு விதி என்றால் விதி எதற்கு?

நான் இரண்டாம் பக்கத்தில்தான் நிற்கிறேன். தண்டனைக்கு ஒரு தொடக்கம் இருந்தது, முடிவு இருந்தது, அளவு இருந்தது. ஆள் விரட்டப்படவில்லை. முடிவை யார் எடுத்தார்கள் என்பதும் வெளியே தெரிந்தது. 'தக்க நடவடிக்கை' என்ற மூட்டத்தைவிட இது பலமடங்கு மேல்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பகிரங்க மன்னிப்பு, ஒரு சுற்று அளவிலான தடை, ஆலோசனைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு ஆகிய விவரங்களை விளக்கவுரையில் எழுதிச் சேர்க்கும் முயற்சி அதே நவம்பரில்தான் வெளிவந்தது. வழக்கு நடக்கும்போதே விதியை எழுதினால், விதி நல்லதாக இருந்தாலும், 'இவருக்காகவே எழுதினார்கள்' என்ற பேச்சு வரும். 2018-இலேயே அந்த ஏணியைக் கட்டியிருக்கலாம். ஆறு வருடம் இருந்தது.

பெட்டியை நிரப்ப ஒரு விதி

நேர்மாறான ஒரு கதையும் சொல்கிறேன். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதுபவர்களிடம், வாடிக்கையாளர் நிறுவனங்கள் சில தங்கள் பதிவுப் படிவத்தில் 'நடத்தை நெறி உண்டா?' என்று கேட்டன. அந்தப் பெட்டியை நிரப்புவதற்காக அவர்கள் 6-ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பெனடிக்டின் விதிகளை எடுத்து வைத்தார்கள். 2018-இல் அது பரவலாகத் தெரியவந்து சர்ச்சை ஆனது. பிறகு அதற்கு 'அறநெறி' என்று பெயர் மாற்றினார்கள். அது அவர்கள் மனதார மதிக்கும் நூல்தான். அதில் எனக்குக் கேலி இல்லை. ஆனால் இங்கே கேட்டவர்களின் தவறுதான் பெரிது. 'உண்டா, இல்லையா' என்று மட்டும் கேட்டால், 'உண்டு' என்ற விடை மட்டும்தான் கிடைக்கும். எங்கள் கழகமும் அதைத்தானே செய்தது? நல்ல ப்ராஜெக்ட்டுக்கு இருக்கும் என்றான், வைத்தோம்.

எங்கள் கழகத்துக்குத் திரும்பினால்

அந்த மாணவனை அழைத்துப் பேசினேன். அவன் மன்னிப்புக் கேட்டான். விதி இருந்ததால் நடந்தது அல்ல இது. அவள் தைரியமாக என்னிடம் வந்ததால் நடந்தது. வராமல் போயிருந்தால்? வராதவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு எல்லாரும் உட்கார்ந்து புதிய விதி எழுதினோம். ஆயத்தப் பனுவலின் பட்டியலை வைத்துக்கொண்டோம். கடைசிப் பகுதியை மட்டும் நாங்களே எழுதினோம். 'புகாரைப் பொறுப்பாசிரியையிடமோ கழகச் செயலாளரிடமோ சொல்லலாம். புகார் அவர்களில் ஒருவர்மீது என்றால் அவர் விலகி நிற்பார். மூன்று பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்வோம். முதல் முறை தனியாகப் பேசுவோம். இரண்டாம் முறை இரண்டு வாரம் கருத்து எழுத விடமாட்டோம்.' ஐந்தே வாக்கியம். ஒன்றில்கூட 'படும்' இல்லை. 'நாங்கள்' என்று எழுதினோம், 'நாம்' என்று எழுதவில்லை. அந்த வாக்கைத் தர வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அந்த மாணவி கழகத்துக்குத் திரும்பவில்லை. பூப்பந்துக்குப் போய்விட்டாள். வகுப்பில் நன்றாகத்தான் சிரிக்கிறாள். நானும் மறுபடி கேட்கவில்லை.

மாணவர்களுக்கான பயிற்சி

1. உங்கள் பள்ளியின் அறிவிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள செயப்பாட்டு வினைகளைச் செய்வினையாக மாற்றுங்கள். எந்த வாக்கியத்தில் வினை செய்பவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை? அதை ஆசிரியரிடம் கேளுங்கள்.

2. 'திறமை மிக்கவர் விதியை மீறினால் சலுகை காட்டலாமா?' விவாதக் கட்டுரை எழுதுங்கள். எதிர்த்தரப்பின் வலுவான காரணம் ஒன்றையாவது நேர்மையாக எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகு மறுத்து எழுதுங்கள். எதிர்த்தரப்பை முட்டாளாகக் காட்டி எழுதும் கட்டுரைக்கு நான் அதிகப் புள்ளி போடமாட்டேன்.

3. 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் பயன்படுத்தி, உங்கள் வகுப்புக்கான உறுதிமொழி ஒன்றை இரண்டு விதமாக எழுதுங்கள். பொருள் எங்கே மாறுகிறது?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பொறுப்பேற்றிருக்கும் கழகத்தில் ஏதாவது விதி இருந்தால், இன்றைக்கே அதைத் திறந்து கடைசிப் பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். அடைப்புக்குறி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.